புரட்டாசியில் ஒரு சட்டி புத்துக்காளான்

புரட்டாசி பொறந்ததுலேருந்து எங்க ரோடு போடுற கேங்கு மொத்தமும் கவுச்சியை விட்டுட்டோம். தெனமும் ரசம், அப்பளம். நாக்கு செத்தே போச்சு. அந்த நேரம் பாத்து, இடி இடிச்ச மறுநாள் ரோலர் டிரைவர் வையாபுரி துண்டு நெறைய புத்துக்காளானோட வந்து நின்னான். சமைக்கிற லூர்து அக்கா ஒவ்வொன்னையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மிளகு அரைச்சு குழம்பு வச்சாங்க. ஆளுக்கொரு தட்டோட அடுப்பைச் சுத்தி உக்காந்துட்டோம்.

கொதிக்கிற வரைக்கும் வையாபுரி வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.

"இதை லேசா நெனைக்காதீங்கப்பா. புரதம், இரும்பு எல்லாம் இருக்கு. போன வருசம் ஒன்னே ஒன்னு தின்னேன். இரும்புச்சத்து ஏறி, மம்பட்டி தானா வந்து கையில ஒட்டுது!"

"அந்தப் பயத்துலதான் மம்பட்டி பக்கமே வர்றதில்லையா?"ன்னான் தார் ஊத்துற செல்லையா.

"குறுக்க பேசாத. ரத்தம் எடுக்க வந்த நர்சம்மாவோட ஊசி வளைஞ்சு போச்சு. கடைசியில வெல்டிங் பட்டறையிலேருந்து டிரில்லு கொண்டாந்தாங்க. எங்க மாமனாருக்குச் சக்கரை வியாதி. காளான் சாறு ஒரு சொட்டுதான் குடுத்தேன். சக்கரை ஓடுன ஓட்டத்துல பக்கத்து வீட்டுக் காப்பியிலகூட இனிப்பு இல்ல!"

"அடேங்கப்பா!"

"ரோலர் ரிப்பேரானப்ப நானே ரோட்டுல படுத்து உருண்டேனே! நேத்து பஸ்ல வந்தீங்களே, அந்த ரோடுதான்."

"அந்தப் பள்ளமெல்லாம் உன் வேலைதானா?"

எல்லாரும் சிரிச்சோம். அவனுக்கு ரோசம் வந்துருச்சு. அக்கா கரண்டியில குழம்பை மொண்டுட்டாங்க.

"ஆட்டுக்கறியெல்லாம் இதுகிட்ட நிக்குமா? ஒரு காளான்ல ரெண்டு கெடா இருக்கு! பறிக்கிறப்ப ஒன்னு 'மே'ன்னு கத்துச்சுப்பா. கொம்பைப் புடிச்சுத்தான் இழுத்தேன்!"

கரண்டி அப்படியே நின்னுச்சு.

"கத்துச்சா?"

"சத்தியமா கத்துச்சுக்கா."

"அப்ப இது கவுச்சி. பெருமாள் கோவிச்சுக்குவாரு." மொண்டதைச் சட்டியிலயே ஊத்தி மூடிட்டாங்க.

வையாபுரி பதறிப்போயி, "அக்கா, அத்தனையும் புளுகுக்கா! வெறும் காளான்கா!"ன்னு கத்துனான். ஆயுசுலயே அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"உன் புளுகை நம்பி உங்க விரதத்தைக் கெடுக்கச் சொல்றியா?"ன்னு எல்லார் தட்டுலயும் ரசத்தை ஊத்துனாங்க. அப்புறம் சட்டியைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டு ஒரு பெரிய தட்டை எடுத்தாங்க.

"அக்கா, நீங்க?"

"நான் மாதா கோயிலுக்குப் போறவடா. எனக்கேது புரட்டாசி?"