விட்ட கோலா, விழுந்த கோலா

ரெஜினா டீச்சரின் சீடர்கள் எல்லாருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓட்டேரிப் பக்கம் ஒரு மைதானத்தில், பக்கத்துக்கு ஆறு பேராக, தொப்பையும் முழங்கால் வலியுமாக ஒரு கூட்டம் அவரிடம் கால்பந்து ஆடும். கோப்பை கிடையாது. கைதட்ட ஆளும் கிடையாது. ஆனால் அவர்கள் போடுகிற சண்டையைக் கேட்டால் உலகமே அந்தப் பந்தில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பூவராகன். மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வீட்டில் அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடுவதில்லை. அலுவலகத்தில் அவர் தும்மினால்கூட யாராவது நாற்காலியோடு ஓடி வருகிறார்கள். ஆடலாம் என்று டாக்டரே சொல்லியும் மனைவிக்கு மனசு ஆறவில்லை.

மைதானத்தில் மட்டும்தான் பழ மார்க்கெட் யூசுஃப் பாய், "இன்னா பெருசு, தூங்கினுகீறியா? பாஸ் குடு!" என்று கத்துவார். அந்தத் திட்டு வாங்கத்தான் பூவராகன் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

அவர் அதுவரை ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அந்த ஞாயிறு போட்டுவிட்டார், அதுவும் ஆட்டத்தின் கடைசி கோலாக.

எதிர்ப்பக்கம் கோல் காத்தவர் யூசுஃப் பாய்தான். பந்து அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை. பாய் பாய்ந்தார், பந்து அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. எல்லாரும் பூவராகனைத் தூக்கிக் குதித்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் முதல் வாய் டீ உள்ளே இறங்கியதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. லாரியிலிருந்து வீசுகிற தர்பூசணியை ஒற்றைக் கையால் பிடிக்கிற மனுஷன் யூசுஃப் பாய். உருண்டு வந்த பந்தையா விட்டார்?

நேராகவே கேட்டார்.

"பாய், உண்மையச் சொல்லுங்க. பாவம்னு விட்டுக்குடுத்தீங்களா?"

யூசுஃப் பாய் தலையைச் சொறிந்தார்.

"பாஞ்சேன் பெருசு. பாஞ்சேன்னுதான் நெனிக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா? நீங்கதானே பாய் பாஞ்சீங்க?"

"அத்தான் சொல்றேன்ல. ஆள வுடு."

இது என்ன பதில்? பூவராகனுக்குக் குழப்பத்தோடு கோபமும் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மைதானத்துக்கே திரும்பிப் போனார். டீச்சர் காற்று இறங்கிய பந்துக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் போட்டது கோலா, பிச்சையா?"

"ஏன் சார் கேக்குறீங்க?"

"பிச்சைன்னா சொல்லிடுங்க. அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. வீட்டுலயும் ஆபீஸ்லயும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருக்காங்க. இங்கயும் அப்படித்தான்னா எதுக்கு நான் பஸ் ஏறி வரணும்?"

டீச்சர் பந்தை அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பம்ப் அடித்தார்.

"நம்ம வழக்கம் தெரியும்ல சார்?"

தெரியாமல் என்ன? கோல் காக்க யாருக்கும் பிடிக்காது. எல்லாருக்கும் ஓட வேண்டும், அடிக்க வேண்டும், பேர் வாங்க வேண்டும். அதனால் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் கடைசி கோலைப் போட்டவர் யாரோ, அவர்தான் அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்துக்குக் கோல் காக்க வேண்டும்.

"அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?"

"நின்னுட்டு வந்து கேளுங்க."

அந்த வாரம் முழுவதும் பூவராகன் கணக்கைத் தப்புத் தப்பாகக் கூட்டினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேலை கொடுத்து அனுப்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டார். ஈ எறும்பைக்கூட உள்ளே விடுவதில்லை. விட்டுக்கொடுக்காமல் ஆடுவது எப்படி என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும்.

காட்டவும் செய்தார். ஞாயிறன்று நெஞ்சால் ஒரு பந்தைத் தடுத்தார். முகத்துக்கு வந்த இன்னொன்றைக் குத்தி வெளியே தள்ளினார். "பெருசுக்கு இன்னிக்கு சாமி வந்துகீது!" என்று யூசுஃப் பாய் கத்தினார்.

அப்புறம் நாகலிங்கம் வந்தார்.

நாகலிங்கம் மாவு மில் வைத்திருப்பவர். ஒரு வாரம்கூடத் தவறாமல் வருவார். அவர் இடப்பக்கம் அடித்தால் பந்து வலப்பக்கம் போகும், வலப்பக்கம் அடித்தால் தெருவுக்குப் போகும். அவரும் இதுவரை ஒரு கோல் போட்டதில்லை. இன்று எப்படியோ பந்தோடு தனியாக வந்துவிட்டார். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். குறுக்கே யாரும் இல்லை.

அடித்தார். பூவராகன் பாய்ந்தார். பந்து விரல் நுனியில் பட்டு உள்ளே உருண்டது.

நாகலிங்கம் முதலில் நம்பவில்லை. பிறகு பனியனைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு மைதானத்தை வலம் வந்தார். ஆட்டம் முடிவதற்குள் வெளியே ஓடி மனைவிக்கு போன் போட்டார்.

பூவராகன் தரையிலேயே கிடந்தார். கை சரியான நேரத்துக்குத்தான் போனதா? பிடிக்க வேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கடித்த நாக்கைப் பார்த்ததும் ஞாபகம் இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்பதுதான் பிடிபடவில்லை. பாய்ந்தேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார். விடவில்லை என்று செய்வாரா? யோசிக்க யோசிக்க மண்டை குழம்பியது.

ஆட்டம் முடிந்ததும் டீச்சரிடம் போனார்.

"டீச்சர், நாகலிங்கம் போட்ட கோல்..."

"ம்."

"நான் பாஞ்சேன்."

"பாத்தேன்."

"விட்டேனான்னு தெரியல டீச்சர். சத்தியமா எனக்கே தெரியல. பாத்துக்கிட்டிருந்த உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"நீங்க பாஞ்சது தெரிஞ்சுது. போன வாரம் பாய் பாஞ்சதும் தெரிஞ்சுது."

"அப்ப என் கோலு?"

டீச்சர் பந்தை வலைப்பையில் போட்டுக் கட்டினார். பூவராகன் போன வாரத்தைவிட அதிகமாகக் குழம்பிப்போய் நின்றார்.

"சரி, அதை விடுங்க. நான் இனிமே வரணுமா வேணாமா? அதையாவது சொல்லுங்க."

டீச்சர் மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தார். நாகலிங்கம் எல்லாரையும் நிறுத்திவைத்து, எப்படி அடித்தேன் என்று வெறுங்காலை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நாகலிங்கத்துக்கிட்ட போங்க சார். 'உங்க கோல் நிஜமான்னு தெரியல, அடுத்த வாரம் வராதீங்க'ன்னு சொல்லிட்டு வாங்க. வந்ததும் உங்களுக்குச் சொல்றேன்."

பூவராகன் போனார். அவர் வருவதைப் பார்த்ததும் நாகலிங்கம் எதிரே ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னமா பாஞ்சீங்க சார்! ஆனா நான் அடிச்சது உங்களுக்கே எட்டல, பாத்தீங்களா?"

பூவராகன் வாயைத் திறந்தார். "எட்டல. அடுத்த வாரமும் வாங்க, பாப்போம்" என்றார்.