ஆள்காட்டிக் குருவிக்குக் குரல் வந்த கதை

பறவைகளின் பேச்சு பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பேச்சு பறவைகளுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், தாமிரபரணிக் கரையில் பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆறு வளைகிற இடத்து மணல்திட்டுதான் பள்ளிக்கூடம். நீர்நாய் மூச்சடக்கி முங்கக் கற்றுக்கொடுக்கும். நண்டு வளை தோண்டிக் காட்டும். எங்கே ஆழம், எங்கே சுழல் என்று மீன்கொத்தி சொல்லும். விடிந்ததும் வருகிற பிள்ளைகளுக்குப் பசித்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வரும்.

அந்தத் திட்டில் எதையும் கற்றுத்தராதது ஒரு நெட்டைக்கால் குருவி மட்டும்தான். அதற்கு அவ்வளவு கூச்சம். வாயில்லாப் பூச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாவ. நீ எப்படித்தான் பிழைக்கப் போறியோ!” என்று மீன்கொத்தி கேலி செய்யும். குருவி குடுகுடுவென்று ஓடிவிடும்.

அது கூடுகூடக் கட்டவில்லை. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டது. புள்ளி போட்ட முட்டைகள், அச்சு அசல் கல்லேதான். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நிம்மதியாக இருந்தது. பாவம், கல்லைக் கண்டால் பிள்ளைகளின் கை சும்மா இருக்காது என்பது அதற்குத் தோன்றவில்லை.

அன்று கல்லெறிப் போட்டி. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையை யார் எறிந்து தொடுவது? ஓட்டமும் கூச்சலுமாகப் பிள்ளைகள் வந்ததும் குருவி மிரண்டு, முட்டைகளை விட்டு ஒதுங்கி நின்றது. அவர்களில் சொரிமுத்து என்ற பையன் குனிந்து ஒன்றை எடுத்தான்.

“ஏளா மலைச்சி, இந்தக் கல்லு எம்புட்டு அழகா இருக்கு பாரு!” என்று கூட வந்த சிறுமியிடம் காட்டிவிட்டுக் கையை ஓங்கினான்.

குருவிக்கு உயிரே போய்விட்டது. அதுவரை திறக்காத தொண்டையைத் திறந்து அலறியது.

“எறியாத! எறியாத! அது என் பிள்ளை!”

கத்திய வேகத்தில் கண்ணோரம் ரத்தமாகச் சிவந்தது. சொரிமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது. முட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

“தெரியாம எடுத்துட்டேன்க்கா” என்று அழுதான்.

“அழாதய்யா. வாயத் தொறக்காதது என் தப்பு. ஆனா இப்பம் முட்டை இருக்க இடம் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. நரி வந்தா என்ன செய்வேன்?”

மலைச்சி கொஞ்சம் யோசித்தாள். “இனிமே நல்லாக் கத்து, அக்கா. ஆனா இங்கன நின்னு கத்தாத. தூரப் போயி நின்னு கத்து. வாறவன் ஒன்னத்தான் பாப்பான்.”

சாயங்காலமே நரி வந்தது. குருவி தொலைவில் கோரைப்புல் பக்கம் பறந்துபோய்க் கத்தியது. நரி அங்கேயே மோந்து மோந்து பார்த்து, நாக்குத் தொங்கத் திரும்பிப் போனது. முட்டைகள் எல்லாம் பொரிந்தன. குஞ்சுகளைப் பிள்ளைகள் தூர இருந்தே கொஞ்சினார்கள்.

ஆள் வந்தால் கத்திக் காட்டுவதால், அன்று முதல்தான் அது ஆள்காட்டிக் குருவி ஆனது. கண்ணோரச் சிவப்பு இன்னும் ஆறவில்லை. ஆற்றங்கரையில் அது கத்தினால், கத்துகிற பக்கம் தேடாதீர்கள் கண்ணுகளா, உங்கள் காலடியைப் பாருங்கள்.