தெப்பத்துறைக்குக் கடைசியாக வந்த நரி

வெண்ணாங்கேரி என்ற பெரிய ஏரியின் கரையில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில், தேன்பாறைக்கு அடியில், சூரப்பன் என்ற நரி குடும்பத்தோடு வாழ்ந்தது. தன்னைவிடக் கெட்டிக்காரன் அந்தக் காட்டில் யாரும் இல்லை என்பது அதன் எண்ணம். அந்த எண்ணத்தை மனதோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் அதற்கு இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணியில், ஏரியில் ஒரு மூங்கில் தெப்பம் கிளம்பும். வீடு போல அகலமான தெப்பம். ஐந்து நாள் ஏரியைச் சுற்றி வரும். ஏழு தீவுகளில் நின்று நின்று போகும். ஒரு தீவில் நாவல் உதிர்ந்து கிடக்கும், இன்னொன்றில் நண்டுகள் கூட்டமாக ஓடும். குட்டிகள் உள்ள மிருகங்கள் எல்லாம் அந்த ஐந்து நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும்.

தெப்பத்தை ஓட்டியது ஒரு நீர்நாய். துறையில் பெயர் எழுதியது நெட்டையன் என்ற நாரை. பெயர் கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம் நெட்டையன் ஒன்றையே சொன்னது. குட்டிகளோடு வருகிறவர்கள் காலை வெயில் சுடும் முன்பே ஏறிவிட வேண்டும். தனியாக வருகிறவர்கள் அதற்குப் பிறகு ஏறலாம். சூரியன் உச்சிக்கு வந்ததும் ஏணியைத் தூக்கிவிடுவார்கள். உச்சிக்குப் பிறகு காற்று கரையைப் பார்த்துத் திரும்பும். அதற்குள் நாணல் காட்டைத் தாண்டாவிட்டால் தெப்பம் முதலைகளின் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் யாருக்காகவும் நிற்க முடியாது. தூரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே வந்து கரையோரத் தாழைப் புதருக்குள் தங்கினால் நல்லது என்றும் நெட்டையன் சொன்னது.

சூரப்பனுக்கு இது அவமானமாகப் பட்டது. குட்டிகளை மேய்க்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லும் புத்தியைத் தனக்குச் சொல்வதா? அது வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தது. தேன்பாறையிலிருந்து தெப்பத்துறை வரை ஒரே ஓட்டமாக ஓடிப் பார்த்தது. வழியில் ஒரு முட்காடு, ஒரு ஓடை, ஒரு மணல்மேடு. சரியாக இரண்டு நாழிகை ஆனது. கைக்காவலுக்கு இன்னொரு நாழிகை சேர்த்தது. உச்சிக்கு மூன்று நாழிகை முன்பு கிளம்பினால் போதும் என்று முடிவு கட்டியது. தெப்பம் கிளம்பும் நொடியில் போய் ஏறுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

தெப்பம் கிளம்புவதற்கு முதல் நாள் பேராச்சி என்ற காட்டுப்பன்றி தேன்பாறை வழியாக வந்தது. பின்னால் ஒன்பது குட்டிகள். வாயில் ஒரு கிழங்கு மூட்டை.

நாளை மத்தியானம் கிளம்பும் தெப்பத்துக்கு இன்றைக்கே எங்கே ஓட்டம் என்று சூரப்பன் கேட்டது. பக்கத்து மரத்தில் இருந்த குரங்குகளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகவே கேட்டது. குரங்குகள் சிரித்தன.

பேராச்சி மூட்டையைக் கீழே வைத்தது. “எனக்கு ஒன்பது பிள்ளைங்க அண்ணே. ஒண்ணு நின்னா ஒன்பதும் நிக்கும். இன்னைக்கே போய்ப் படுத்துட்டா காலையில நிம்மதியா ஏறிக்குவோம்” என்றது. பிறகு மூட்டையைக் கவ்விக்கொண்டு நடந்தது.

சூரப்பனின் மனைவி நல்லம்மை இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாமும் கூடவே போய்விடலாமே, பிள்ளைகள் தாழைக்குள் விளையாடிக்கொண்டிருக்குமே என்று கேட்டுப் பார்த்தாள். பன்றியோடு சேர்ந்து சேற்றில் கிடக்க ஆசையா என்று சூரப்பன் கேட்டது. நரிக் குலத்தில் இதுவரை யாரும் வரிசையில் நின்றதில்லை என்றும் சொன்னது. நல்லம்மை வழிக்குக் காடை முட்டைகளை எடுத்து வைக்கப் போனாள்.

மறுநாள் விடியும் முன்பே மூன்று குட்டிகளும் எழுந்துவிட்டன. மூத்தவன் செவ்வாலன், அடுத்தவன் மொக்கன், கடைசி குட்டச்சி. தெப்பம், தெப்பம் என்று குதித்தன. அப்பா கிளம்பவில்லை. வெயில் ஏற ஏறக் குட்டிகள் சோர்ந்தன. வழிக்கென்று அம்மா வைத்திருந்த காடை முட்டைகளைத் தின்று தீர்த்தன. ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு அழுதன. சூரப்பன் பாறை மேல் உட்கார்ந்து, காலையிலேயே போய் வெயிலில் காயும் மடையர்களைப் பற்றிக் குரங்குகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு ருசியாக இருந்ததால் அதிலேயே அரை நாழிகை கூடுதலாகப் போனது.

ஒரு வழியாகக் கிளம்பினார்கள். முட்காட்டில் மொக்கனின் காலில் முள் ஏறியது. நல்லம்மை உட்கார்ந்து பல்லால் பிடுங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் செவ்வாலனைக் காணவில்லை. திரும்பிப் போய்த் தேடினால் அவன் ஒரு உடும்புப் பொந்தில் தலையை விட்டுக்கொண்டு நின்றான்.

அடுத்து ஓடை வந்தது. முந்தின முறை சூரப்பன் அதை ஒரே தாண்டாகத் தாண்டியிருந்தது. இந்த முறையும் அப்படியே தாண்டி அக்கரையில் போய் நின்றது. குட்டிகள் இக்கரையில் நின்று பார்த்தன. நல்லம்மை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் மூன்று முறை போய் வந்தாள். அக்கரையில் நின்ற சூரப்பன் அதுவரை சூரியனைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. உதவிக்கு ஒரு காலைக்கூட நனைக்கவில்லை. பெற்றவள் பிள்ளைகளை ஓடப் பழக்கவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு.

மணல்மேட்டில் குட்டச்சி அப்படியே சுருண்டு தூங்கிப்போனாள். இருட்டில் எழுந்த குழந்தை வேறு என்ன செய்யும்? நல்லம்மை அவளைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டாள். எல்லாரும் ஓடினார்கள்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. ஏணியைத் தூக்கியாகிவிட்டது. தெப்பம் கரையை விட்டு அரை மூங்கில் நீளம் நகர்ந்திருந்தது. தெப்பத்தின் நடுவில் பேராச்சியின் ஒன்பது குட்டிகளும் வட்டமாக உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தன.

சூரப்பன் தன் பெயரைச் சொல்லித் தெப்பத்தை நிறுத்தச் சொன்னது. காற்றுக்குப் பெயர் தெரியாது என்று நெட்டையன் கரையில் நின்றபடியே பதில் சொன்னது. மரம் மரமாகத் தாவி முன்னாலேயே வந்துவிட்ட குரங்குகளில் இரண்டு தெப்பத்தில் இருந்தன. அவை பார்த்துவிட்டன. அதுதான் சூரப்பனுக்குப் பொறுக்கவில்லை.

பின்னால் நான்கடி போனது. ஓடி வந்து பாய்ந்தது. அழகான பாய்ச்சல்தான், அதைக் குறை சொல்ல முடியாது. தெப்பத்தின் விளிம்பில் போய் நான்கு காலும் ஊன்றி நின்றது. நின்றதும் குரங்குகளைத்தான் முதலில் பார்த்தது. பிறகுதான் கரைப்பக்கம் திரும்பியது.

“குதிங்கடா! அப்பா குதிச்சேன்ல!”

மொக்கன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். செவ்வாலனுக்கு அப்பா சொன்னால் நடக்கும் என்று நம்பும் வயது. அவன் குதித்தான். நல்லம்மையின் வாயில் குட்டச்சி இருந்தாள். அவளால் கத்தவும் முடியவில்லை, எட்டி அவன் வாலைப் பிடிக்கவும் முடியவில்லை.

செவ்வாலன் பாதி தூரம்கூட வரவில்லை. தண்ணீரில் விழுந்து முங்கினான். எழுந்தான், மறுபடி முங்கினான். தூரத்தில் நாணலுக்குள் ஏதோ அசைந்தது.

தெப்பத்தின் விளிம்பில் நின்ற சூரப்பன் ஐயோ, ஐயோ என்றது. இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. யாராவது ஏதாவது செய்யுங்கள் என்றது. அதற்கு நீந்தத் தெரியும். ஆனால் அந்த நாணல் அசைவை அதுவும் பார்த்திருந்தது.

பேராச்சி வாயிலிருந்த கிழங்கைத் துப்பிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. கனமான உடம்பு, ஆனால் நீச்சல் நன்றாக வரும். முங்கிய குட்டியை மூக்கால் முட்டி மேலே தூக்கியது. முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கொண்டுபோய் நல்லம்மையின் முன்னால் இறக்கியது. செவ்வாலன் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் நல்லம்மைக்கு மூச்சு வந்தது.

பேராச்சி திரும்பி நீந்தியது. நீர்நாய் ஒரு கொடியை வீசி அதை மேலே இழுத்துப் போட்டது. நாணலிலிருந்து வந்த முதலை தெப்பத்தின் அடியில் ஒரு முறை உரசிவிட்டுப் போனது.

சூரப்பன் பக்கத்தில் இருந்தவர்களிடம், தான் குதிக்க இருந்ததாகவும் பன்றி முந்திக்கொண்டதாகவும் விளக்கத் தொடங்கியது. பேராச்சி நனைந்த உடம்போடு மூச்சு வாங்கியபடி சொன்னது:

“நீங்க நல்லாத்தான் தாண்டுனீங்க அண்ணே. பிள்ளைங்களுக்குத்தான் அந்தக் கால் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. குரங்குகள்கூடச் சிரிக்கவில்லை.

ஐந்து நாளும் சூரப்பன் தெப்பத்தில் இருந்தது. நடுவில் இறங்கிப் போக வழி இல்லை. ஒவ்வொரு தீவிலும் எல்லாரும் குட்டிகளோடு இறங்கினார்கள். நாவல் பழம் தின்று நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். சூரப்பன் ஓரமாக நின்றது. பேராச்சியின் கடைசிக் குட்டி அதனிடம் வந்து, உங்க பிள்ளைங்க எங்கே என்று ஒவ்வொரு தீவிலும் கேட்டது. சின்னக் குட்டி, அதற்கு விவரம் தெரியாது. சூரப்பன் ஒவ்வொரு தீவிலும் ஒரு புதிய பொய் சொன்னது. கடைசித் தீவில் பொய்யும் தீர்ந்துபோனது.

நல்லம்மை வீட்டுக்குத் திரும்பவில்லை. அவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளை அன்றைக்கே திருப்பி நடத்த அவளுக்கு மனம் வரவில்லை. தாழைப் புதருக்குள்ளேயே ஐந்து நாள் தங்கினாள். முதல் இரண்டு நாள் செவ்வாலன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நண்டு பிடிக்கக் கற்றுக்கொண்டான். நான்காம் நாள் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தான்.

ஐந்தாம் நாள் தெப்பம் துறைக்கு வந்தது. சூரப்பன் ஏணியில் இறங்கும்போது நல்லம்மை நெட்டையனின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த ஆண்டுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைச் சொன்னாள். செவ்வாலன், மொக்கன், குட்டச்சி என்று வரிசையாகச் சொன்னாள். முதல் நாளே வந்து தாழைக்குள் தங்கிவிடுவதாகவும் சொன்னாள்.

அவள் நிறுத்தியதும் நெட்டையன் மூக்கைத் தூக்கிப் பார்த்தது. சூரப்பன் பெயர் வேண்டாமா என்று கேட்டது.

நல்லம்மை ஏணியில் நின்ற கணவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“எழுதிக்கங்க. ஆனா எங்களோட சேர்த்து எழுதாதீங்க. தனியா வர்றவங்க வரிசையில எழுதிக்கங்க.”

நெட்டையன் அப்படியே எழுதிக்கொண்டது.

குழந்தைகளோடு பயணம் போகிறவர், கூட வரும் கால்களிலேயே மிகச் சிறிய காலை வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்; தன் காலை மட்டும் நம்பிக் கணக்குப் போடுகிறவர் தான் மட்டுமே போய்ச் சேருவார்.