பட்டின் உள்பக்கம்

வண்டி தெருமுனை திரும்பி வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. மாமனாரின் பட்டு மேலாடையில் இன்னும் ஒரு சாண் கிழிசல் பாக்கி இருந்தது.

"ஆயிற்றா?" என்றார் பெருஞ்சாத்தனார், சுவரைப் பார்த்து நின்றபடி.

"அசையாதீர்கள் மாமா" என்றாள் தத்தை. ஆடை அவர் தோளில் கிடக்கும்போதே அவள் தைத்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் ஊசி பட்டைத் தாண்டி முதுகில் ஏறியது. பெருஞ்சாத்தனார் முனகவில்லை. மானமுள்ளவர்.

நல்லது, கேளுங்கள். இது எந்த ராஜா ஆண்ட காலம் என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா ராஜாக்களும் நன்றாகத்தான் ஆண்டார்கள் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. அப்படி நன்றாக ஆளப்பட்ட ஒரு துறைமுகப் பட்டினத்தில், வணிகர் தெருவில், பெருஞ்சாத்தனார் பட்டு வியாபாரம் செய்துவந்தார். அவர் மனைவி நாச்சியார். ஒரே மகன் இளஞ்சாத்தன். மகனுக்கு வாய்த்தவள் தத்தை. அவளுக்குக் கைக்குழந்தை ஒன்று, பெண். இவர்கள் எல்லோருக்குமாக ஒரு கப்பல் இருந்தது. அது முந்திய வருஷத்துப் புயலில் கடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கப்பல் முழுகியது ஊருக்குத் தெரியும். வீடு முழுகியது தெரியாது. "இன்னொரு கப்பல் வந்துகொண்டிருக்கிறது" என்று பெருஞ்சாத்தனார் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். அது இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துவைத்த துணியைக் கொல்லையில் உலர்த்தமாட்டார்கள். வீட்டுக்கு முன்னால் கொடி கட்டி, நல்ல பக்கம் தெருவைப் பார்க்க விரிப்பார்கள். கொடியைப் பார்த்துச் சரக்குக் கொடுப்பார்கள், கொடியைப் பார்த்துப் பெண் கொடுப்பார்கள். தத்தையையும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

ஆகவே அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ, கொடி நிறைய வேண்டும். அதற்குத் தத்தையின் ஊசி இருந்தது.

அவள் தையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் கிழிசல் என்றால், அதே துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அந்த இழையாலேயே இழைக்கு இழை கோத்துத் தைப்பாள். நிறம் மாறாது, தடம் தெரியாது. பெரிய கிழிசல் என்றால் உள்பக்கம் ஒரு துண்டு வைத்து ஒட்டுப் போடுவாள். வெளியே பார்த்தால் நேற்று நெய்தது போலிருக்கும். என்ன ஒன்று, ஓரத்தை உருவி நடுவைத் தைத்துத் தைத்துத் துணி வருஷம் முழுக்கச் சிறுத்துக்கொண்டே வந்தது. நாச்சியாரின் புடவை இப்போது அவரை முழுதாகச் சுற்றி வருவதில்லை. அதனால் விருந்தாளி வந்தால் அவர் கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். எவ்வளவு அடக்கம் என்று தெரு மெச்சியது. பெருஞ்சாத்தனாரின் மேலாடையில் முதுகுப்பக்கம் நைந்துபோய்த் தையலுக்கு நிற்காமல் பல்லிளித்தது. அதனால் அவர் யாருக்கும் முதுகைத் திருப்பாமல் சுவரோரமாகவே உட்கார்ந்தார். என்ன கம்பீரம் என்று தெரு மெச்சியது. இளஞ்சாத்தன் காலையில் பட்டு உடுத்திக் கடைத்தெருவுக்குப் போய், விற்க ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் விலை கேட்டுவிட்டு, உச்சிப்பொழுதில் வியர்த்து வந்தான். என்ன உழைப்பு!

நாச்சியார் மட்டும் தம் பங்குக்குச் சாப்பாட்டு நேரத்தில் வெறும் சட்டியில் ஒரு சிட்டிகைக் கடுகைப் பொரியவிடுவார். வாசனை தெருவுக்குப் போகும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கஞ்சித் தண்ணீர்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தத்தைக்குப் பால் வற்ற ஆரம்பித்தது. அது ஒன்றுதான் சரியில்லை. குழந்தை மாரைச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். அழுகையை உள்பக்கம் வைத்துத் தைக்க அவளுக்குத் தெரியவில்லை.

வண்டியில் வந்தவர் தத்தையின் சித்தப்பா கொற்றன். தகப்பன் இல்லாத தத்தையையும் அவள் தங்கையையும் தூக்கி வளர்த்தவர், உழவர். வண்டி நிறைய நெல். வாசலுக்கு வந்தவர் கொடியைப் பார்த்தார். உள்ளே வந்து சம்பந்தியின் மேலாடையைப் பார்த்தார். தம் வேட்டியைப் பார்த்துக்கொண்டார். பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கியா தாயி?"

தத்தை வாயைத் திறந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"நல்லா இருக்கேன் சித்தப்பா."

"வண்டியில் என்ன?" என்றார் பெருஞ்சாத்தனார், சுவரில் சாய்ந்தபடி.

கொற்றன் மறுபடியும் அந்தப் பட்டைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. கோயிலுக்கு நேர்ந்துக்கிட்ட நெல்லு" என்றார்.

நெல் கோயிலுக்குப் போயிற்று. சாமிக்கு அன்று ஏற்கெனவே மூன்று வகைச் சோறு வந்திருந்தது.

அறுவடை முடிந்து கொற்றன் மறுபடி வந்தார். இந்த முறை கறவைப் பசுவும் கன்றுமாக நடந்தே வந்தார். "பிள்ளை பெத்தவளுக்கு ஆகுமேன்னு ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். போன முறை பொய் சொன்னது அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

"பசுவா?" என்றார் பெருஞ்சாத்தனார். "எங்கள் கொட்டிலில் இடமில்லையே, சம்பந்தி."

அது உண்மை. கொட்டிலின் கூரையைப் பிரித்துப் போன மாதம்தான் அடுப்பெரித்திருந்தார்கள்.

பசு கொடியில் தொங்கிய பட்டை முகர்ந்து பார்த்தது. தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தத் தெருவில் பட்டைப் பார்த்து ஏமாறாதது அது ஒன்றுதான்.

கொற்றன் கொடியிலிருந்த துணியை விரலால் தடவினார். "புதுசுங்களா?"

"நேற்று வந்து இறங்கியது."

"வழுவழுன்னு இருக்கு. ஒரு தும்பு தெரியலையே!"

அவர் விரல் இருந்த இடத்தில் தத்தை இரண்டு நாள் உட்கார்ந்து தைத்திருந்தாள். இப்போது முந்தானையை யாரும் இழுக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. தன் தையலை ஒருவர் தொட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. குழந்தை இடுப்பில் அழுதுகொண்டிருக்க, அவள் அந்தச் சந்தோஷத்தோடு நின்றாள். பசு தெருமுனை திரும்பிப் போய்விட்டது.

மூன்றாம் முறை கொற்றன் வந்தபோது வாசலில் மூட்டை ஏற்றிய வண்டி நின்றது. அவர் முகத்தில் களை இல்லை.

"இறக்க வரலீங்க சம்பந்தி, கேட்க வந்தேன்" என்றார். "சின்னவ வஞ்சி இருக்காளே, அவ புருஷன் படுத்த படுக்கையா ஆயிட்டான். இந்த நெல்லு அவளுக்குத்தான் போவுது. கட்டிக்க மாத்துத்துணி கூட இல்லைன்னு சொல்லி அனுப்பினா. சொல்லி அனுப்பினதால தெரிஞ்சுது. உங்க வீட்டுல பழசு கிழிசல் ஏதாவது..."

"இந்த வீட்டில் பழசு ஏது?" என்றார் பெருஞ்சாத்தனார். "தத்தை! உன் தங்கைக்குப் புதுப் பட்டாக மூன்று எடுத்துக் கொடு."

இளஞ்சாத்தன் அப்பாவைப் பார்த்தான். உடுத்தியிருந்தது போக வீட்டில் இருந்ததே மூன்று.

தத்தை உள்ளே போனாள். குழந்தை தூளியில் கிடந்தது. அன்று காலையிலிருந்து அது அழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எவ்வளவு சமர்த்து!" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் மூன்று துணிகளையும் எடுத்தாள். மடித்தாள். பிரித்தாள். உள்பக்கம் வெளியே வரும்படி மறுபடியும் மடித்தாள். கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் வைத்தாள்.

கொற்றன் விரித்துப் பார்த்தார். சிவப்புக்கு மேல் நீலம், நீலத்துக்குப் பக்கத்தில் சாயம் போன மஞ்சள், அதன் மேல் ஒரு பழுப்பு. எல்லாம் துண்டு துண்டாக.

"இது என்னங்க வேலைப்பாடு?"

பெருஞ்சாத்தனார் ஒரு கணம் தடுமாறினார். ஒரே கணம். "சீனத்துப் பூவேலை. இப்போது அங்கே இதுதான் வழக்கம்."

"பூவெல்லாம் சதுரமா இருக்கே?"

"சீனத்தில் பூ சதுரம்தான்."

கொற்றன் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். வெகுதூரத்து நாடு, எப்படியும் இருக்கலாம். துணிகளைப் பக்குவமாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

தத்தைக்குச் சிரிப்பு வந்தது. உள்பக்கத்தைக் காட்டியும் ஆகவில்லை. ஊசியால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மற்றதற்கு வாய்தான் வேண்டும் போலிருக்கிறது.

"சித்தப்பா, அது பூ இல்லை. ஒட்டு."

"என்ன தாயி?"

"எல்லாம் கிழிசல். நான்தான் தைத்தேன். போன தடவை நீங்கள் தொட்டுப் பார்த்ததும் கிழிசல்தான். இந்த வீட்டில் அரிசி இல்லை. எனக்குப் பசிக்கிறது சித்தப்பா. பிள்ளைக்குப் பால் ஊறவில்லை."

தெருவில் யாரோ நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது. பெருஞ்சாத்தனாரின் முகம் கறுத்தது. தத்தை முந்தானை இழுபடும் என்று காத்திருந்தாள். இழுபடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து நாச்சியாரின் குரல் வந்தது.

"எனக்கும்தான், சம்பந்தி."

பெருஞ்சாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய முதுகு எல்லோருக்கும் தெரிந்தது. அதில் கிழிசல்தான் அதிகம், துணி கொஞ்சம்.

கொற்றனுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு தடவை வந்தேனே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ? வண்டி நெல்லைக் கொண்டுபோயி, தின்னாத சாமிகிட்ட இறக்கிட்டு வந்தேனே!" பிறகு குரல் இறங்கியது. "உன்னைச் சொல்லி என்ன. இந்தப் பட்டைப் பார்த்ததும் நெல்லுன்னு சொல்லவே எனக்குக் கூச்சமா போச்சு. குதிரைவாலியும் வரகுமாத் தின்னு வளர்ந்தவன், இவங்களுக்கு நாம என்ன கொடுக்கிறதுன்னு. பிள்ளை முகத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நானும் துணியைத்தானே பார்த்தேன்."

வெளியே போய் வண்டியின் கயிற்றை அவிழ்த்தார். "பாதி உனக்கு, பாதி அவளுக்கு. மாப்பிள்ளை, ஒரு கை பிடிங்க."

இளஞ்சாத்தன் மேலாடையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினான். அந்த வருஷத்தில் அவன் கையாண்ட முதல் சரக்கு அதுதான். நெல்லுமி கழுத்தில் அரித்தது. அவன் இரண்டாவது மூட்டைக்கும் போனான்.

துணிகளைக் கொற்றன் திருப்பித் தரவில்லை. "ஒட்டுன்னா என்ன, போர்த்திக்க ஆகும். வஞ்சி ஒண்ணும் கொடியில போடப்போறதில்லை" என்றார். மூன்றாவது துணியை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூளிக்குள் குழந்தைக்கு அடியில் விரித்துவிட்டுப் போனார்.

செய்தி தெருவுக்கு உடனே தெரிந்துவிட்டது. வாசல்கள் மூடின. என்ன வெட்கக்கேடு, வணிகர் தெருவில் பிறந்து இப்படியா என்றார்கள். நெல் குற்றும் சத்தம் கேட்டதும் இன்னும் சத்தமாகச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கொல்லைப்புறமாக வந்து நின்றாள். காதில் தோடு, கழுத்தில் சங்கிலி, இடுப்பில் பட்டு.

"ஏன் தத்தே," என்றாள் மெதுவாக, "உங்க சித்தப்பா மறுபடி எப்ப வருவாரு?"

தத்தை ஒரு மரக்கால் நெல்லை அவள் மடியில் கொட்டினாள். அவள் குனிந்து மடியைக் கட்டும்போது பட்டின் உள்பக்கம் தெரிந்தது. தையல் சுமார்தான்.

அவளுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரி வந்தாள். பிறகு கோடிவீட்டுக்காரி. மூவரும் ஒருவரை ஒருவர் கொல்லையில் பார்த்துக்கொண்டு, காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கேட்டீர்களா? கதை இவ்வளவுதான். இதில் சொல்ல ஒரு நீதி உண்டு, சொல்லிவிடுகிறேன்: கொடுக்க வந்தவரிடம் இல்லாமையை மறைக்கிறவர், தம் பிள்ளையின் பங்குச் சோற்றை மறைக்கிறார்.

அன்று இலை போட்டுச் சாப்பிட்டார்கள். தத்தைக்கு முதலில் வைத்து, இரண்டாம் முறையும் வைத்தார் நாச்சியார். கதவுக்கு முன்னால் நின்றுதான் பரிமாறினார். இளஞ்சாத்தன் மென்றான். தத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் குழந்தையை மாரோடு பிடித்திருந்தாள். அது சப்பியது, விட்டது, மறுபடி சப்பியது.

பெருஞ்சாத்தனார் சாப்பிட்டு முடித்தார். இலைக்கு வெளியே தரையில் இரண்டு பருக்கைகள் விழுந்திருந்தன. அவர் அவற்றை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.