தரையில் நீந்திய மேஸ்திரி

“ஏனுங்க டீச்சர், இந்த ஆடிப்பெருக்குக்கும் நான் துணிக்குத்தான் காவலுங்களா?” என்று கேட்டார் சென்னியப்பன் மேஸ்திரி.

பவானி ஆற்றில் ஊரே முங்கி எழும்போது, எல்லாருடைய வேட்டி சேலையையும் மடியில் குவித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. தண்ணீர் என்றால் குலை நடுங்கும்.

மரகதம் டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வீட்டுக் கொல்லையில் குளம் கட்டி நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.

“அப்ப இன்னிக்கு இறங்கறீங்களாண்ணா?”

“நாளைக்குங்க. இன்னிக்குக் கரையிலேயே பழகிக்கறனுங்க.”

பதினொரு வருஷமாக இதே பேச்சு. குளத்தைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தளத்தில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிப்பார். நாலு வகை நீச்சலும் அத்துப்படி. ஒருநாள் வேகம் தாங்காமல் வாசல் கேட்டு வரைக்கும் நீந்திப் போய்விட்டார், பால்காரர்தான் திருப்பிவிட்டார்.

அவர் வயிறு உரசி உரசியே தளம் தேய்ந்து, ஜல்லி பல்லைக் காட்டியது.

“தளத்தையே தின்னுட்டீங்களேண்ணா!”

மேஸ்திரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நானே புதுசாப் போட்டுத் தர்றனுங்க. ஈரக் கான்கிரீட்டுல ரப்பர் அச்சை வெச்சு அமுக்கினா, காஞ்சதும் கல்லுப் பாவின மாதிரியே இருக்கும். என்ன கலர் வேணுமுங்க?”

“கறுப்பு.”

“கறுப்பு வெயிலைக் குடிக்குமுங்க. குளிக்க வர்றவங்க வெறுங்காலுங்களே!”

“மேஸ்திரி யாரு?”

“நானுங்க.”

“குரு யாரு?”

“நீங்கதானுங்க.”

“கறுப்பு.”

பழையதைப் பெயர்த்தார். புதியதைக் கொட்டினார். முழங்கால் போட்டு அச்சு அச்சாகப் பதித்தார். காய்ந்ததும் அப்படியொரு தத்ரூபம். ஓர் ஓணான் அந்தக் கல் இடுக்கில் நுழையப் பார்த்து மூக்கு நசுங்கித் திரும்பிப் போனது.

அக்னி நட்சத்திரம் பிறந்தது. உச்சி வேளை. கனத்த செருப்பும் குடையுமாக டீச்சர் மேஸ்திரியைக் குளத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

“செருப்பைக் கழட்டுங்கண்ணா.”

கழற்றினார். டீச்சர் அதை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினார்.

“இப்பச் சொல்லுங்க. இது எந்த ஊர்க் கல்லாட்டம் இருக்குது?”

தன் வேலையைத் தானே மெச்ச யாருக்குக் கசக்கும்? மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். “இது வந்துங்க, நம்ம...”

ஒரு காலைத் தூக்கினார். மறு காலைத் தூக்கினார். பிறகு இரண்டையும் ஒன்றாகத் தூக்கினார்.

தொபுக்கடீர்!

முங்கினார். எழுந்தார். கை தானாக வீசியது. கால் தானாக உதைத்தது. அக்கரைக்குப் போனார். அங்கேயும் கறுப்பு. திரும்பினார்.

மறுபடி போனார். மறுபடி திரும்பினார். நடுவில் ஒருமுறை வாய் நிறையத் தண்ணீரை உறிஞ்சி யானை மாதிரி பீய்ச்சினார்.

பொழுது சாய்ந்தது.

“தளம் ஆறிருச்சு, மேல வாங்கண்ணா,” என்றார் டீச்சர்.

மல்லாந்து மிதந்தபடியே மேஸ்திரி கேட்டார்:

“எந்தத் தளமுங்க?”