மலையைக் கேட்டுத் திறக்கும் கதவு

கரட்டுக் காட்டின் சரிவில் செவந்தி என்ற பெருச்சாளி தன் குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. வளையின் வாசலுக்கு ஒரு தட்டைக்கல்தான் கதவு. உள்ளே இரண்டு கொடிகள் தொங்கும். ஒன்றை இழுத்தால் கதவு திறக்கும். மற்றொன்றை இழுத்தால் மூடும்.

குட்டிகளுக்கு அந்தக் கொடிகளை இழுக்கப் பலம் போதாது. அதனால் செவந்தி இரை தேடப் போகும்போதெல்லாம் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, பயந்து பயந்து போய் வரும்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. ஆமைகள் தங்க இடமில்லாமல் தவித்தன. மலை உச்சியில் இருந்த பூபதி என்ற கருங்குரங்கு ஒரு யோசனை சொன்னது.

"வீட்டுக்கு ஒரு ஆமை! வளைக்குள் ஈரத்தில் அது இருக்கட்டும். உங்கள் கதவை அது பார்த்துக்கொள்ளட்டும்!"

எல்லோருக்கும் பிடித்துப்போனது. செவந்தியின் வளைக்கு உருளி என்ற ஆமை வந்து சேர்ந்தது. வாசலில் நின்று "திற!" என்றால் உருளி ஒரு கொடியை இழுக்கும். "மூடு!" என்றால் மற்றதை இழுக்கும். செவந்தியின் குரலைத் தவிர வேறு யார் குரலுக்கும் அது அசையாது. குட்டிகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின. செவந்தி நிம்மதியாக வெளியே போய் வந்தது.

ஒருநாள் காலையில் பூபதியின் மைனா வந்து கதவு மேல் உட்கார்ந்தது.

"ஆமைகளுக்குப் புதுப் பயிற்சி! இலவசம்! உருளியை மலைக்கு அனுப்புகிறீர்களா?"

"எதுக்கு? இப்போ நல்லாத்தானே வேலை செய்யறான்?" என்றது செவந்தி.

"இன்னும் நல்லா செய்வான்! 'இப்போ'ன்னு சொல்லுங்க. இல்லைன்னா 'அப்புறம்'னு சொல்லுங்க."

"'வேண்டாம்'னு சொல்றேன்!"

"அப்படி ஒரு பதில் எனக்குச் சொல்லித்தரலையே! 'அப்புறம்'னு வச்சுக்கறேன்" என்று மைனா பறந்துபோனது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. செவந்தி குட்டிகளைக் குளிப்பாட்டும்போது வந்தது. கிழங்கைக் கடிக்கும்போது வந்தது. ஒருநாள் செவந்தி வளையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது மூக்கில் தூசி ஏறி, "ஹச்!" என்று பெரிதாகத் தும்மியது.

"சம்மதம்!" என்று மைனா கூவியது. "உருளி, கிளம்பு!"

"ஐயோ, அது தும்மல்!" என்றது செவந்தி. யார் கேட்டார்கள்? மைனா உருளியை அழைத்துக்கொண்டு போயேபோய்விட்டது.

பயிற்சி முடிந்து உருளி திரும்பி வந்தது. அன்று மாலை செவந்தி வாசலில் நின்று வழக்கம்போல, "திற!" என்றது.

கல் அசையவில்லை. இடுக்கு வழியாக உருளியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"வணக்கம்மா! உங்க கோரிக்கை மலைக்குப் போகுது. கொஞ்சம் காத்திருங்க!"

"மலைக்கா? நான் உன் மூக்குக்கு முன்னாலதானேடா நிக்கறேன்!"

"தெரியுதும்மா. நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்கதான்னு மலையும் சொல்லணும். அதுதான் புதுப் பயிற்சி."

வாசலில் காத்திருந்த மைனா மலைக்குப் பறந்தது. பூபதி விவரம் கேட்டு, தாடையைச் சொறிந்து, "திறக்கலாம்!" என்றது. மைனா திரும்பி வந்தது. அப்புறம்தான் கதவு திறந்தது. அதற்குள் செவந்தியின் கால் மரத்துப்போயிருந்தது.

சரிவு முழுக்க இதே கதைதான். பக்கத்து வளையில் ஒட்டன் என்ற உடும்பு இருந்தது. புதிதாக எது வந்தாலும் முதலில் வாங்கிக் கொண்டாடுவது அதன் சுபாவம். ஒட்டன் தன் வாசலில் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டபடி காத்துக் கிடந்தது.

"என்ன அண்ணே, உங்களுக்கும் திறக்கலையா?" என்று செவந்தி கேட்டது.

"இதுக்குப் பேர்தான் முன்னேற்றம், தங்கச்சி! நம்ம கதவை மலை உச்சியில் இருந்தே திறக்கலாம், தெரியுமா?"

"மலை உச்சியில் நமக்கு என்ன வேலை அண்ணே? நாம வாசலில் இல்லே நிக்கறோம்!"

ஒட்டன் மறுபக்கம் புரண்டு படுத்தது. "வெயில் உடம்புக்கு நல்லது" என்று மட்டும் சொன்னது.

மலையில் பூபதிக்குப் பெருமை தாங்கவில்லை. பாறை மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "என்னைக் கேட்காமல் இந்தக் காட்டில் ஒரு கதவும் அசையாது!" என்று வால் முனையை முறுக்கும். அதைச் சொல்வதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஒருநாள் மதியம் செவந்தி கிழங்கு தோண்டப் போயிருந்தது. திடீரென்று வானம் இருண்டது. காற்றில் ஒரு வாடை வந்தது. நரி வாடை! செவந்தி கிழங்கைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

"உருளி, திற! சீக்கிரம்! நரி வருது!"

"வணக்கம்மா! உங்க கோரிக்கை மலைக்குப் போகுது..."

"வணக்கமெல்லாம் அப்புறம் சொல்லுடா! கதவைத் திற!"

"மைனா கிளம்பியாச்சும்மா. நானே திறக்கக் கூடாது. பயிற்சியில் அப்படித்தான் சொன்னாங்க!" உருளி கொடிக்கு அருகில் போய்த் திரும்பி வந்தது.

மலையில் பூபதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. மைனாவுக்கு அதை எழுப்பத் தைரியமில்லை. கிளையில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டு காத்திருந்தது.

இங்கே புதருக்கு அப்பால் நரியின் காது தெரிந்தது. உள்ளே குட்டிகள் "அம்மா! அம்மா!" என்று கத்தத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்குத்தான் நரியும் காதைத் திருப்பியது.

செவந்தி வளையின் பின்பக்கம் பாய்ந்தது. அங்கே காற்று வர ஒரு சின்னத் துளை விட்டிருந்தது. முன்னங்காலால் பறித்தது. பல்லால் வேரைக் கடித்து எறிந்தது. தலை நுழைந்தது. வயிறு மாட்டிக்கொண்டது! குட்டிகள் அதன் மீசையைப் பிடித்து இழுத்தன. செவந்தி மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, மண்ணும் கல்லுமாக உள்ளே வந்து விழுந்தது. விழுந்த வேகத்திலேயே மண்ணைத் தள்ளித் துளையை அடைத்தது.

"அப்பாடா!" என்று குட்டிகளை அணைத்துக்கொண்டது. "கதவு மூடியிருக்கு. இனி நரி ஒண்ணும் செய்ய முடியாது."

நரியும் அப்படித்தான் நினைத்தது. தட்டைக்கல்லை முகர்ந்து பார்த்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தது. கல் அசையவில்லை. ஏமாற்றத்தோடு திரும்ப இருந்தது.

அப்போதுதான் மைனா வந்து சேர்ந்தது. பூபதி விழித்து, கொட்டாவி விட்டு, உத்தரவு கொடுத்திருந்தது.

"உத்தரவு வந்தாச்சு! உருளி, கதவைத் திற!"

"வேண்டாம்! திறக்காதே!" என்று செவந்தி அலறியது.

பழக்க தோஷம். உத்தரவு காதில் விழுந்ததும் உருளி கொடியை இழுத்துவிட்டது. கதவு அகலமாகத் திறந்தது. எதிரே நரி நின்றது.

நரிக்கே நம்ப முடியவில்லை. "எனக்கா?" என்று கேட்டது.

"மூடு! மூடு!" என்றது செவந்தி.

"மூடவும் மலை சொல்லணுமேம்மா! மைனா, மூடறதுக்கு உத்தரவு வாங்கிட்டு வா!"

"இதோ!" என்று மைனா மறுபடி மலையை நோக்கிப் பறந்தது.

"போய்ட்டு மெதுவா வரட்டும்" என்று நரி உதட்டை நக்கிக்கொண்டது. "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

நரி தலையை வாசலுக்குள் நீட்டியது; மூடும் கொடி அந்தத் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டது, செவந்தியால் அதை இழுக்க முடியவில்லை. குட்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கின. செவந்தி சுற்றுமுற்றும் பார்த்தது. கண்ணில் பட்டது உருளியின் அகன்ற முதுகுதான். வாசலும் ஏறக்குறைய அதே அகலம். செவந்தி பின்னங்காலைச் சுவரில் ஊன்றி, உருளியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது.

"அம்மா! இது என் வேலையில் சேர்த்தி இல்லையே!"

"இன்னிக்குச் சேர்த்தி! தலையை உள்ளே இழுத்துக்கோ!"

உருளி தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. செவந்தி மூச்சைப் பிடித்து இன்னொரு தள்ளு தள்ளியது. ஆமை ஓடு வாசலில் கச்சிதமாக இறுகிக்கொண்டது. நரி பாய்ந்து கடித்தது. கடக்கென்று ஒரு சத்தம். உடைந்தது ஓடல்ல, நரியின் பல்!

நரி விடவில்லை. மறுபடி மறுபடி முட்டியது. ஒவ்வொரு முட்டுக்கும் உருளி பின்னால் நகரும். செவந்தி தோளைக் கொடுத்து மறுபடி முன்னால் தள்ளும். தோள் வலித்தது. கண்ணில் மண் விழுந்தது. செவந்தி இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் மழை சோவென்று கொட்டியது. நரி வாயைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டபடி ஓடியது.

மழை விட்டதும் மைனா சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றது.

"மூடறதுக்கு உத்தரவு வந்தாச்சு! சேவை எப்படி இருந்தது? நல்லா இருந்ததா, ரொம்ப நல்லா இருந்ததா?"

செவந்தி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தது. மைனா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

உருளி மெல்லத் தலையை நீட்டியது. அதன் ஓட்டில் ஆழமாக ஒரு கீறல். அது செவந்தியின் பக்கம் நகர்ந்து வந்தது. பிறகு சொன்னது:

"அம்மா, நரி கடிச்சப்போ மலையில் இருந்து யாரும் வரலை. எனக்குப் பின்னாடி நின்னது நீங்கதான். நான்தான் அந்தப் பாழாப்போன கதவைத் திறந்தேன். அப்படியும் நின்னீங்க. இனிமே எனக்கு உங்க குரல் போதும்மா. வேறு யார் சொன்னாலும் அந்தக் கொடியைத் தொடமாட்டேன்."

செவந்தி ஈர இலையால் அதன் ஓட்டைத் துடைத்துவிட்டது.

மறுநாள் பூபதியே மலையை விட்டு இறங்கி வந்துவிட்டது. சரிவில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"ஒரு கதவு என்னைக் கேட்காமல் திறக்கிறதாமே! இந்தப் புதுப் பயிற்சியே உங்கள் பாதுகாப்புக்காகத்தான்!" என்று பூபதி அதட்டியது.

"பாதுகாப்பா? நரிக்கு இல்லே கதவு திறந்துச்சு!" என்றது செவந்தி.

"முறைப்படி உத்தரவு வந்தது. முறைப்படி கதவு திறந்தது. இதில் தப்பு எங்கே இருக்கிறது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு சரிவு முழுக்கப் பரவியது.

"அப்போ என் ஆமையைப் பழையபடி ஆக்கிக் கொடுங்க" என்று ஒரு முயல் கேட்டது.

"பழைய பழக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். வேண்டுமானால் இன்னொரு புதுப் பயிற்சி தருகிறேன்!"

ஒட்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது தன் ஆமையிடம் திரும்பி, "இனிமே நீயும் மலையைக் கேட்க வேண்டாம். என் பேச்சைக் கேட்டால் போதும்" என்றது.

அந்த ஆமை ரொம்பப் பணிவானது. "சரிங்க அண்ணே" என்று தலையாட்டியது. பிறகு மைனாவைப் பார்த்து, "மலையைக் கேட்கறதை நிறுத்தலாமான்னு மலையைக் கேட்டுட்டு வா!" என்றது.

"மலை இங்கேதானே நிக்குது!" என்று மைனா பூபதியைக் காட்டியது.

"முடியவே முடியாது!" என்று பூபதி குதித்தது.

ஒட்டன் தலையில் அடித்துக்கொண்டது. நேரே தன் வாசலுக்குப் போய், வெளியில் நின்றபடியே இடுக்கு வழியாக வாலை விட்டு, கொடியில் சுற்றி இழுத்துக் கதவைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "இத்தனை நாளா இது என்னால முடியும்னு தெரியாம வெயிலில் காய்ஞ்சிருக்கேனே!" என்றது.

அதன் ஆமை வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்துப் பார்த்து அதுவும் தன் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கப் பழகிவிட்டது. மற்ற வளைகளிலும் ஆமைகள் ஒவ்வொன்றாக மாறின.

பூபதி இப்போதும் பாறை மேல் கால்மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. "யாராவது ஏதாவது கேட்டார்களா?" என்று மைனாவை அடிக்கடி விசாரிக்கிறது. "வானம் கேட்டது, நாளைக்கு மழை பெய்யலாமான்னு" என்கிறது மைனா. பாவம், அதற்கும் பொழுது போகவேண்டாமா?

நீதி: வசதி என்ற பேரில் எது வீட்டுக்குள் வந்தாலும் அது வீட்டில் இருப்பவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். தன் வீட்டுக் கதவைத் திறக்க அடுத்தவர் உத்தரவுக்குக் காத்திருப்பவர், ஆபத்து வரும் நேரத்தில் வெளியேதான் நிற்பார்.