சடையன் கடையில் குனிந்த தலைகள்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் போரும் இல்லாமல் பொழுதும் போகாமல் இருந்த காலத்தில், மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தார். ஒருநாள் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. "இந்நாட்டில் எந்தத் தலையும் நம்மைத் தவிர வேறு எவருக்கும் குனியலாகாது" என்று முரசறையச் சொன்னார்.

தலைநகரில் இருந்தது ஒரே சவரக்கடை. அதை நடத்தியவன் சடையன். பெயரில்தான் சடை, பிழைப்பு கத்தியில். காலையில் கடை, மாலையில் அரசவையில் விகடம். அந்தக் கடையில்தான் ஊர் சம்பந்தம் பேசியது, வரப்புச் சண்டையைத் தீர்த்தது. தலையில் ஒரு முடிகூட இல்லாதவர்களும் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தார்கள். ஒற்றர்கள் ஓடிவந்து சொல்லும் செய்தி அங்கே முந்தின நாளே பழசாகியிருக்கும். ஒற்றர்களுக்குத் தலைவரான பிரதானி பூதலராயருக்கு இது பொறுக்கவில்லை.

முரசொலி அடங்குவதற்குள் அவர் அரசரிடம் போனார். ஊரே தினமும் சடையனுக்குத் தலைகுனிகிறது என்று ஓதினார். அரசர் சடையனை அழைத்து, இனி ஒரு தலை அவனுக்குக் குனிந்தாலும் கடையும் இராது, குனிந்த தலையும் இராது, அவன் தலையும் இராது என்று சொல்லிவிட்டார்.

நாலு நாள் கடையை மூடிவைக்கும்படி ஊரார் கெஞ்சினார்கள். "மூடுனா அந்தப் பிரதானி ஜெயிச்ச மாதிரி" என்றான் சடையன். மறுநாள் விடியும்போதே கடை திறந்திருந்தது. உட்காரும் பலகையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தான்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். செக்காட்டும் வேலப்பன்தான் முதலில் போய் உட்கார்ந்தான். "போற தலை, லட்சணமாப் போகட்டும்ப்பா."

அவன் பிடரியைக் குனிந்து கொடுத்த நேரத்தில் பிரதானி காவலர்களோடு நுழைந்தார். சடையனை அரசவைக்கு இழுத்துப் போனார்கள். குனிந்த தலையைத் தம் கண்ணாலேயே கண்டதாகப் பிரதானி முழங்கினார்.

"குனிந்தது உண்மை, மகாராஜா" என்றான் சடையன். "ஆனால் பிடரி முடி வெட்டுகிறவன் பின்னால்தானே நிற்பான்? வேலப்பன் எனக்குக் காட்டியது முதுகை. பலகை அரண்மனையைப் பார்த்துக் கிடக்கிறது. அவன் வணங்கியது தங்களை. நாளொன்றுக்கு அறுபது தலைகளைத் தங்களுக்குக் குனிய வைக்கிறேன். பிரதானியார் கணக்கு எத்தனையோ?"

அவை சிரித்தது. பிரதானி விடவில்லை. "அப்படியானால் புதன்தோறும் அரண்மனைக்குள் மன்னரே சவரத்துக்கு உன்னிடம் குனிகிறாரே, அது எவருக்கு?"

சிரிப்பு நின்றது. தனக்கு என்றால் ராஜத்துரோகம். மன்னர் குனியவேயில்லை என்றால் பொய். சடையன் அவசரப்படவில்லை. தோளில் மாட்டியிருந்த அடைப்பப் பையைத் திறந்து, சவரக் கண்ணாடியை எடுத்து அரசர் மடியில் வைத்தான்.

"சற்றே குனிந்து பாருங்கள், பிரபு. யார் தெரிகிறார்?"

"நாம்தான்."

"புதன்தோறும் இது தங்கள் மடியில்தான் இருக்கிறது. மன்னர் மன்னருக்குத்தான் குனிகிறார். தங்கள் ஆணையைத் தாங்களே மீறியதாக நான் சொல்லவில்லை, பிரதானியார்தான் சொல்கிறார்."

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் நழுவிக் கண்ணை மறைத்தது. முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்றார். ஆணைக்குப் பணிவதில் பிரதானியாரே ஊருக்கு வழிகாட்ட வேண்டும், அதுவும் தன் கடையில் என்றான் சடையன். அரசர் தலையசைத்தார்.

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. பலகையில் பூதலராயர்.

"இன்னும் கொஞ்சம் குனிங்க சாமி" என்றான் சடையன், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "ராஜா பாக்குறாரு."